மந்திரிப்பா, மாத்திரையா? மனநோய் வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு 1999-இல், அவனுடைய 22 வயதில், மனச்சிதைவு நோய் வந்தது. இல்லாத குரல் காதில் கேட்கும், காரணமில்லாமல் சந்தேகம் வரும் மனநோய் அது. முதல் இரண்டரை வருடம் நாங்கள் ஒரு டாக்டரைக்கூடப் பார்க்கவில்லை. கோயில், தர்கா, சர்ச் என்று யார் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே போனோம். அதற்கப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் வாசலை மிதித்தோம். இன்று அவன் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க அவனோடு போவேன். டோக்கன் எடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்த பெஞ்சில் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயமாக எழுதியதை மட்டும் எங்கள் ஊர் மனநல மருத்துவர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

முதல்ல கோயிலுக்குப் போறதா, டாக்டர்கிட்ட போறதா?

டாக்டரிடம். அன்று சாயங்காலமே கோயிலுக்கும் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்வது வரிசையை மட்டும்தான். நோய் ஆரம்பித்ததற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் எத்தனை மாதம் வீணாகிறதோ, அந்த அளவுக்கு மூளை பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டமாகிறது. குறிப்பாக மனச்சிதைவில் இது பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்த விஷயம். என் தம்பி படிப்பில் கெட்டிக்காரன். பாலிடெக்னிக் முடித்தவன். இன்று அவனால் ஒரு பக்கக் கணக்கைச் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. அந்த இரண்டரை வருடத்துக்கு நாங்கள் கொடுத்த விலையாகத்தான் இதை நினைக்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் நிறைய. 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. ஆனால் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை.

ராத்திரி தூங்க மாட்டேங்கிறான், தனியா சிரிக்கிறான். இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?

ஆமாம். தூக்கம் கெட்டு, குளியல் சாப்பாடு குறைந்து, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, வேலைக்கோ காலேஜுக்கோ போகாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் காட்டிவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

இது பேய்தானே அக்கா? குரலே மாறிப்போய்ப் பேசுறா. அவளுக்குத் தெரியாத விஷயமெல்லாம் சொல்றா.

இதைக் கேட்கும் அம்மாக்களிடம் நான் வாதாடுவதில்லை. பேய் உண்டா இல்லையா என்று அங்கே உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் ஊர்க் கொடையில் சாமியாடுகிறவர் இருக்கிறாரே, அவரைப் போலவா இது?" அவருக்கு மேளம் அடித்தால் அருள் வரும். விபூதி போட்டால் இறங்கும். மறுநாள் காலையில் வயலுக்குப் போய்விடுவார். அதற்கு இடமும் நேரமும் உண்டு, ஊரே அதைப் புரிந்துகொள்ளும். உங்கள் மகளுக்கு வருவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. தூக்கத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகிறது என்றால் அது நோய்.

மனதுக்குள் தாங்க முடியாத நெருக்கடி இருக்கும்போது, சொந்த வாயால் சொல்ல முடியாததை இன்னொருவர் குரலில் சொல்வதும் நடக்கும். கல்யாணமான புதிதில் பல பெண்களுக்கு இப்படி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாத்திரையைவிட யாராவது உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதுதான் அதிகம் தேவைப்படும். மனநல டாக்டர்கள் இதையும் பிரித்துப் பார்ப்பார்கள், எடுத்த எடுப்பில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

இன்னொன்று, பேய் என்று நினைப்பதில் சில உடம்பு நோயாகவும் இருக்கும். வலிப்பில் சில வகைகளில் கைகால் வெட்டாது. ஆள் வெறித்துப் பார்ப்பார், சம்பந்தமில்லாமல் முனகுவார். தைராய்டு கோளாறிலும் மூளைக்காய்ச்சலிலும் பேச்சு மாறும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளைக்காய்ச்சலை 2007-இல்தான் மருத்துவர்கள் தெளிவாக அடையாளம் கண்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும், பார்க்கப் பேய் பிடித்த மாதிரியே இருக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பலரைக் காப்பாற்றிவிடலாம். பிள்ளை பெற்ற சில நாளில் புத்தி பேதலித்துப் பேசுவதை நம் பாட்டிமார் ஜன்னி என்பார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர், இருவருக்கு வரும். அதில் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

பேய் இல்லேன்னா, தாயத்து கட்டினதும் எப்படி ஒரு மாசத்துல சரியாச்சு?

சரியானதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆனால் சில மனநோய்கள் அலை மாதிரி வரும். மனம் ஒரு சமயம் அளவுமீறித் துள்ளி, இன்னொரு சமயம் துவண்டுபோவதை இருமுனை நோய் என்பார்கள். அதில் ஆட்டம் உச்சத்துக்குப் போய், சில வாரமோ சில மாதமோ கழித்துத் தானாகவும் அடங்கும். மனச்சோர்விலும் அப்படி உண்டு. நாம் தாயத்து கட்டுவது எப்போது? இனி முடியாது என்று ஆனபிறகு, அலை உச்சியில் இருக்கும்போது. அங்கிருந்து அது இறங்கத்தான் செய்யும். பேர் தாயத்துக்குப் போய்விடும்.

அடுத்த அலை வரும்போதுதான் விஷயம் தெரியும். எங்களுக்கு ஆறாவது மாதம் வந்தது. தாயத்து அவன் கையிலேயேதான் இருந்தது.

கோயில்ல போய்த் தங்கினாலே நல்லாகுதுன்னு டாக்டருங்களே எழுதியிருக்காங்களாமே?

எழுதியிருக்கிறார்கள். அதைப் பாதி மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முத்துசாமி என்பவரின் சமாதி மேல் எழுந்த கோயில் ஒன்றில், மனநோயாளிகள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்த 31 பேரைக் கவனித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002-இல் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கடுமையான நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். வந்தபோதும் போனபோதும் நோயின் கடுமையை அளந்து பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் கொடுக்கும் பலனுக்கு அது பக்கத்தில் வருகிறது என்றும் அவர்களே எழுதினார்கள்.

அங்கே மந்திரிப்பு, பேயோட்டுதல் எதுவும் கிடையாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வாசல் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், ஒரு வேளைப் பூஜை, கூடவே ஒரு சொந்தக்காரர். அடி இல்லை, திட்டு இல்லை, யாரும் விரட்டவில்லை. ஆதரவான, பயமுறுத்தாத சூழல்தான் காரணமாக இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. அங்கே போகாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காததால், மேலே சொன்ன அலைக்கணக்கும் இதில் கலந்திருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்றால் ஐந்தில் நான்கு பங்கு மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். மனநோயாளியை மனுஷனாக நடத்தும் இடத்தில் அவன் தேறுகிறான் என்று அது சொல்கிறது. வேலூர் சிஎம்சியின் மனநல மையத்தில் 1950-களிலிருந்தே குடும்பத்தாரைக் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரி அது. கோயிலில் நடந்ததும் அங்கே நடப்பதும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். கூடுதலாக அங்கே மருந்தும் இருக்கிறது.

ஊரே கூடி ஜெபம் பண்ணினா பலிக்கும்னு அமெரிக்காவுல நிரூபிச்சிருக்காங்கன்னு எங்க சபையில சொன்னாங்களே?

நடந்தது வேறு. அமெரிக்காவில் இதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பெரிய சோதனை ஒன்று செய்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். தனக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாமலே ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குப் பின்விளைவு வந்தது. அதேபோல் தெரியாமலே, ஜெபம் பெறாதவர்களில் 51 சதவீதம். உங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று சொல்லிவிட்டுச் செய்த கூட்டத்தில் 59 சதவீதம். தூரத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் செய்த ஜெபம் ஆபரேஷன் முடிவை மாற்றவில்லை.

இதை வைத்து ஜெபமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மகன் கட்டில் பக்கத்தில் ராத்திரி முழுக்க ஜெபமாலை உருட்டும் அம்மாவுக்கு அது கொடுக்கும் பலத்தை அந்தச் சோதனை அளக்கவே இல்லை. அந்த பலம் இல்லாவிட்டால் அவர் பத்து வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்.

ஆரம்பிச்சா காலம் பூரா மாத்திரை சாப்பிடணுமாமே?

நோயைப் பொறுத்தது. முதல்முறை மனச்சோர்வு வந்தவர்கள் நன்றாகி ஆறு மாதமோ ஒன்பது மாதமோ தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது உண்டு. மனச்சிதைவிலும் இருமுனை நோயிலும் பலர் பல வருடம் சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிறோமே, அந்த மாதிரி. தினமும் விழுங்க அடம்பிடிப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது.

நன்றாக இருக்கிறானே என்று நிறுத்துவதுதான் நான் பார்த்த வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு. மாத்திரை வேலை செய்கிறது என்பதால்தான் நன்றாக இருக்கிறான்.

மாத்திரை போட்டா எச்சில் வடியுது, கை நடுங்குது, எப்பவும் தூங்குறான். இதுக்கு அந்த வியாதியே தேவலாம்போல.

இந்தக் கோபம் நியாயமானது. மனநோய் மருந்துகளில் பக்கவிளைவு நிஜம். உடம்பு இறுகும், நடுங்கும். சில மருந்தில் எடை ஏறும், சர்க்கரை வரும். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபைன் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் வெள்ளணுவை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருமுனை நோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே வீட்டாருக்கு விளக்கிச் சொல்லாத டாக்டர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பினால், வீட்டுக்குப் போய்ப் பயந்து நிறுத்தத்தான் செய்வார்கள்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை தரலாம். தம்பிக்கு மூன்றாவது மருந்துதான் ஒத்துக்கொண்டது. என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். "ஒரு மாதிரி இருக்கான் சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

பக்கவிளைவே இல்லாத நாட்டு மருந்து கொடுக்கலாம்ல?

வேலை செய்யும் எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. சர்ப்பகந்தா என்ற வேரை நம் நாட்டு வைத்தியர்கள் பைத்தியத்துக்கு ரொம்பக் காலமாகக் கொடுத்துவந்தார்கள். கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1931-இல் அதைப் பற்றி எழுதினார்கள். 1952-இல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மனநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். அப்புறம் அது ரத்த அழுத்தத்தை ரொம்ப இறக்குகிறது, சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்று தெரிந்ததும், அதைவிட நல்ல மருந்துகள் கிடைத்ததும், மனநோய்க்குக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். நம் வைத்தியர்கள் கண்டது சரிதான். ஆனால் எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது சோதித்தபிறகுதான் தெரிந்தது.

நாட்டு மருந்து ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் உடம்புக்குள் ஒன்றோடொன்று மோதலாம்.

நோன்பு வருது. பகல்ல மாத்திரை போட முடியாதே, என்ன பண்றது?

ரமலானுக்கு ஒரு மாதம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். பல மாத்திரைகளை ஸஹர் நேரத்துக்கும் இப்தாருக்குப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சபரிமலை விரதம், சஷ்டி விரதம், தவக்கால உபவாசம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

லித்தியம் மட்டும் தனி. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார்.

மாத்திரையை நிறுத்தினாத்தான் மந்திரிக்க முடியும்கிறார். என்ன செய்ய?

அவரிடம் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நல்ல பூசாரிகளையும், பாதிரியார்களையும், ஹஸ்ரத்துகளையும் பார்த்திருக்கிறேன். "மாத்திரையும் போடு, துவாவும் செய்" என்பார்கள். எங்கள் தம்பியை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கச் சொன்னவரே ஒரு பெரியவர்தான். ஓதி ஊதிவிட்டு, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இது நம்மகிட்ட நிக்கிற விஷயம் இல்லை தம்பி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அப்பா அப்போது கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், வைத்தியம் பலித்தால் பேர் தனக்கு, பலிக்காவிட்டால் உங்கள் பக்தி குறை என்பார். இரண்டு பக்கமும் அவருக்கு நஷ்டமில்லை. திடீரென்று நிறுத்தினால் வருவது உங்கள் பிள்ளைக்கு.

ஏர்வாடிக்கு இப்பவும் போகலாமா?

போகலாம். ஏர்வாடியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் மனநோயாளிகளைக் கூட்டிப் போவார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தங்கியிருப்பார்கள், உத்தரவு வந்தால் ஊர் திரும்புவார்கள். தங்க முடியாத குடும்பங்கள் பணம் கட்டி, சுற்றியிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுவிட்டுப் போவார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அப்படியொரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. தீப்பிடித்தது தர்காவில் அல்ல, அங்கே வந்த கூட்டத்தை வைத்துக் காசு பார்த்த ஒரு இடத்தில். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடி, நூற்றுக்கணக்கானவர்களைச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் மற்ற இடங்களுக்கும் மாற்றியது.

அந்தச் செய்தி டிவியில் வந்தபோது தம்பி இன்னொரு ஊரில், இதே மாதிரி ஒரு கொட்டகையில், கணுக்காலில் சங்கிலியோடு இருந்தான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமலே எழுந்தார். மறுநாள் காலையில் அவனைக் கூட்டிவந்துவிட்டார். பூட்டுச் சாவி எங்கே என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அப்பா ரம்பம் வாங்கி வந்து அறுத்தார். அந்த வாரம்தான் நாங்கள் மனநலப் பிரிவுக்குப் போனோம். இடது கணுக்காலில் வளையம் மாதிரி அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. பேண்ட் போடும்போது சாக்ஸை ஏற்றி மறைத்துக்கொள்வான்.

இப்போது ஏர்வாடி தர்காவிலேயே மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ள அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. தவா-துவா என்று பெயர். தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதர் தர்காவில் முதலில் செய்து பார்த்த முறை இது. நம்பி வருகிறவர்களை விரட்டாமல், வந்த இடத்திலேயே வைத்தியத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலிலும் 48 நாள் தங்கி, உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளித்துக்கொள்வார்கள். தங்கும் நாட்களில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும் கேட்க வேண்டியது ஒன்றே: டாக்டர் வருவாரா, சங்கிலி உண்டா?

கட்டிப்போடாம எப்படி அக்கா? ஓடிப்போயிடுவான், இல்லேன்னா அடிப்பான்.

கட்டுகிறவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வயதான அம்மா, ஆறடி மகன், ராத்திரி இரண்டு மணி. அந்த வீட்டில் இருந்தவள் நான். ஆனால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. காப்பகம், கோயில், தர்கா, ஆஸ்பத்திரி யாருக்கும் விலக்கு இல்லை.

வேறு வழி என்ன என்றால், 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளி சம்மதிக்கும் நிலையில் இல்லாவிட்டால், வீட்டார் எழுதிக் கொடுத்து, டாக்டர்கள் பார்த்துச் சொன்னால், 30 நாள் வரை சேர்க்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் மருந்தில் சில நாளில், சில வாரத்தில் அடங்கும். சாகப்போகிறேன் என்று யாராவது சொன்னால் பரிகாரம், ஜாதகம் என்று நாள் பார்க்காதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து அன்றே கூட்டிப்போங்கள்.

சாமி என்கூடப் பேசுதுன்னு சொன்னா, டாக்டர் பைத்தியம்னு எழுதிடுவாரா?

எழுதக் கூடாது. மத நம்பிக்கையை வைத்து மட்டும் ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பூஜையறையில் கண்ணை மூடி அம்மனிடம் பேசுகிறவரும், "உன்னைக் கொல்லப் போறாங்க, சாப்பிடாதே" என்று நாள் முழுக்கக் காதில் குரல் கேட்பவரும் ஒன்றல்ல. கொடையில் ஆடுபவரைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும் அளவுகோல். உங்கள் டாக்டர் பக்தியைக் கேலி செய்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். கேலி செய்தார் என்பதற்காக வைத்தியத்தையே விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் முன்வினைதானே? நாங்க என்ன பாவம் செஞ்சோமோ?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. மூளை என்பது உடம்பின் ஒரு பாகம், அதற்கும் நோய் வரும். உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறது. எல்லா நாட்டிலும், எல்லா மதத்திலும், பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும். அம்மா கடைசிவரை இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வயிற்றில் இருக்கும்போது ஒரு வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றிவைத்தவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அறிவியலாலயும்தான் முழுசா குணப்படுத்த முடியலையே. அப்புறம் அதை மட்டும் எதுக்கு நம்பணும்?

பெஞ்சில் கேட்டதிலேயே கடினமான கேள்வி இதுதான். கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். முழுசாக முடியவில்லை என்பது உண்மை. மருத்துவத்தின் பழைய கணக்கும் சுத்தமில்லை. மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டிவிடும் ஆபரேஷனுக்காகப் போர்ச்சுகல் டாக்டர் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஆபரேஷனில் நடைப்பிணமானார்கள். மயக்க மருந்து இல்லாமல் ஷாக் வைத்ததும் உண்டு. மனநல ஆஸ்பத்திரிகளிலும் ஆட்களைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்த ஆபரேஷன் தப்பு என்று கண்டு விட்டவர்களும் டாக்டர்கள்தான். அதே 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1952-இல் பாரிஸில் மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோர்புரோமசைன் என்ற மருந்து வந்தது. அதற்கப்புறம்தான் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல வருடம் தலைமையேற்று நடத்திய சாரதா மேனன், வீடு திரும்பினவர்களுக்கு வேலையும் பழக்கமும் வேண்டும் என்று 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இந்த மருந்து பலித்ததா, எத்தனை பேருக்கு, எத்தனை பேருக்கு இல்லை என்று எண்ணுவதும், எண்ணிக்கை சரியில்லை என்றால் விட்டுவிடுவதும் அங்கே வழக்கம். என் தம்பியைக் கட்டிவைத்த இடத்தில் யாரும் எதையும் எண்ணவில்லை. எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்டதற்கு அப்பாவைத் திட்டினார்கள்.

வாத்தியார் இன்னொன்றும் கேட்டார். "ராத்திரி மூன்று மணிக்கு என் பெண்டாட்டி அழும்போது எண்ணிக்கை என்ன செய்யும்?" ஒன்றும் செய்யாது என்றேன். அந்த நேரத்துக்கு அவருக்குத் திருவாசகம் இருந்தது. அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை.

அக்கா, நீங்க இன்னும் சாமி கும்பிடுறீங்களா?

கும்பிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில், வீட்டில் தினமும் விளக்கு. தம்பியும் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போவான். அவனுடைய ஏழு அறை மாத்திரை டப்பாவை அம்மா பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மறக்காமல் இருக்கும் என்று. அம்மா போய் நான்கு வருடமாகிறது. டப்பா அங்கேயேதான் இருக்கிறது. காலையில் விளக்கேற்றும்போது, நேற்றைய அறை காலியாகிவிட்டதா என்று பார்த்துவிடுவேன்.